இரண்டு தராசு: மூன்று மறிப்புகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நுவரெலியா மாவட்டத்தில், ஏ7 வீதியை ஒட்டிய ஒரு சிறு நகரத்திலும் அதற்கு மேலேயுள்ள தோட்டமொன்றிலும் 2022 மே முதல் செப்டெம்பர் வரை மூன்று மறிப்புப் போராட்டங்கள் நடந்தன. மூன்றையும் பொலிஸார் வேறு வேறாக நடத்தினார்கள். எங்கள் பிரஜைகள் குழுவும் வேறு வேறாகத்தான் தீர்ப்புச் சொன்னது. பொலிஸார் செய்ததைப் பற்றி எழுத மலையகத்தில் பலர் இருக்கிறார்கள். நாங்கள் செய்ததை நாங்கள்தான் எழுத வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. குழுவின் கூட்டக்குறிப்புகளையும் அறிக்கைகளையும் எழுதுவது என் பொறுப்பு. கைது செய்யப்பட்ட இளைஞன் என்னிடம் ஐந்து வருடம் படித்தவன் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இதில் இல்லை.

பின்னணி

ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வேண்டும் என்று மலையகம் வருடக்கணக்காகக் கேட்டது. சங்கங்களும் கம்பனிகளும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளத்தை 700 ரூபாயில் நிறுத்தியது. கடைசியில் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் ஊடாக 900 ரூபாயும் வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு 100 ரூபாயும் சேர்த்து ஆயிரம் என வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனது. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகமே முடிவு செய்கிற நிலை பல இடங்களில் உருவானது.

இந்தத் தோட்டத்தில் அதுவரை 16 கிலோ பறித்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். வர்த்தமானிக்குப் பிறகு அது 20 ஆனது. குறைந்தால் அரைப் பேர், அதாவது 500 ரூபாய். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று இரண்டு மூன்று கிலோ வெட்டுவார்கள். தராசின் முள்ளைப் பார்க்கப் பெண்களை விடுவதில்லை. 21 கிலோவோடு மலையிலிருந்து இறங்கியவருக்குச் செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) 18 விழும். சம்பளத் துண்டில் அரைப் பேர் வரும்.

2022இல் நாடு வங்குரோத்தானதை எல்லோரும் அறிவோம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை அது எப்படி அடித்தது என்பதற்கு ஒரு கணக்கு போதும். அந்த வருடம் ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. அரைப் பேர் விழுந்த ஒருவருடைய நாட்சம்பளத்தில் ஒன்றரை லீற்றர் கூட வாங்க முடியாது.

முதல் மறிப்பு: 2022 மே 6

நாடு முழுவதும் ஹர்த்தால் நடந்த நாள். எங்கள் நகரத்தில் காலை ஒன்பது மணியளவில் சந்தியில் டயர் எரித்தார்கள். கடைக்காரர்கள், முச்சக்கரவண்டிச் சாரதிகள், பஸ் நடத்துநர்கள், ஆசிரியர்கள், தோட்டத்து இளைஞர்கள் எனச் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தார்கள். பிற்பகல் மூன்று மணி வரை ஏ7 வீதி மூடியிருந்தது. அம்புலன்சுக்கு மட்டும் வழிவிட்டார்கள்.

பன்னிரண்டு மணியளவில் ஒரு வர்த்தகர் லொறியின் மேல் ஏறி முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் பேசினார். “இவங்கள வீட்டுக்குள்ள இருந்து இழுத்து வெளியில போடணும்” என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. சிறிது நேரத்தில் அருகிலிருந்த அரசியல்வாதி ஒருவரின் அலுவலகக் கண்ணாடி கல்லெறியில் உடைந்தது. பொலிஸார் பத்துப் பேரளவில் நின்றார்கள். ஒரு அதிகாரி கடை வாசலில் பிளேன்டி குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரையும் கைது செய்யவில்லை. ரம்புக்கனையில் ஏப்ரல் 19 அன்று பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்து இரண்டரை வாரம்தான் ஆகியிருந்தது. அதனால் அவர்கள் ஒதுங்கி நின்றிருக்கலாம். அப்படி நின்றது நல்லதுதான்.

நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அந்தப் பேச்சுக்குக் கைதட்டினேன். எங்கள் குழு அன்று மாலை வெளியிட்ட அறிக்கையில், “சிறு சேதங்கள் நேர்ந்திருப்பினும் இது மக்களின் நியாயமான கோபத்தின் வெளிப்பாடு” என்று நான் எழுதினேன்.

மூன்று நாள் கழித்து, மே 9 அன்று, கொழும்பு காலிமுகத்திடலில் அரசுக்கு எதிராகப் போராடிக்கொண்டிருந்தவர்களை ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் தாக்கினார்கள். அதற்குப் பதிலாக அன்றிரவு நாடெங்கும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. நிட்டம்புவயில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கும்பலின் நடுவில் உயிரிழந்தார். வீட்டிலிருந்து இழுத்துப் போடுவது வெறும் பேச்சாக இல்லாத ஒரு வாரம் அது. அந்த வர்த்தகரின் வார்த்தை எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

இரண்டாவது மறிப்பு: செப்டெம்பர் 12

சம்பளம் கிடைத்ததற்கு அடுத்த திங்கட்கிழமை. மூன்றாம் டிவிஷனைச் சேர்ந்த அறுபது பெண்கள் வரை வேலைக்குப் பெயர் பதியும் காலைப் பிரட்டுக்குப் போனவர்கள் மலைக்கு ஏறாமல் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வாசலுக்குப் போய் உட்கார்ந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்கு கட்டியபடி, கூடைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தராசை எங்கள் கண் முன்னால் நிறுத்துங்கள், 20 கிலோவைக் குறையுங்கள் என்பதே கோரிக்கை. தேயிலை ஏற்றிய லொறி இரண்டு மணி நேரம் வெளியே போக முடியவில்லை.

பத்தரை மணியளவில் வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் கூட்டத்தின் ஊடாக உள்ளே போக முயன்றார். சில்லு ஒரு பெண்ணின் காலில் ஏறியது என்கிறார்கள் பெண்கள். அவர் இல்லை என்கிறார். பின்னால் இருந்து கல் வந்தது. விளக்கு உடைந்தது. அவருடைய நெற்றியில் காயம், இரண்டு தையல்.

இளைஞன் அப்போது கைபேசியில் நேரலை செய்துகொண்டிருந்தான். அவனுக்கு 22 வயது. கொழும்பில் வேலை பார்த்த கடை மூடப்பட்டதால் ஊர் திரும்பியவன். கல் விழுந்த சத்தத்தோடு அவன் குரல் கேட்கிறது: “உள்ள போயி தொரைய இழுத்து வெளியில போடுங்க!” தொரை என்றால் தோட்ட முகாமையாளர்.

அந்தக் காணொளி 14 நிமிடம் ஓடுகிறது. அந்த வாக்கியம் நான்கு வினாடி. அதற்கு அடுத்து ஒரு வயதான பெண்ணின் குரல்: “டேய், சும்மா இருடா. நீ என்னா இங்க தலைவரா?” ஒருவரும் உள்ளே போகவில்லை. மிச்ச ஒன்பது நிமிடமும் பெண்கள் உட்கார்ந்தே இருக்கிறார்கள். காயப்பட்டவருக்கு ஒரு பெண் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுப்பதும் அதில் தெரிகிறது.

அன்றிரவு பத்து மணிக்குப் பிறகு பொலிஸார் லயத்துக்கு வந்தார்கள். ஆறு பெண்களும் மூன்று ஆண்களும் கைதானார்கள். சட்டவிரோதமாகக் கூடியமை, தடுத்து வைத்தமை, காயப்படுத்தியமை, சொத்துக்குச் சேதம் எனக் குற்றச்சாட்டுகள். இளைஞன் விடயத்தில் மட்டும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவையும் குறிப்பிட்டார்கள். தேசிய, இன அல்லது மதப் பகைமையை முன்வைத்துப் பாகுபாட்டையோ வன்முறையையோ தூண்டுவதைக் குற்றமாக்கும் பிரிவு அது. அந்தப் பிரிவு விழுந்தால் நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான் போக வேண்டும். தோட்டத்துரை சிங்களவர் என்பதைத் தவிர அந்த வாக்கியத்தில் இனம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் அறிக்கை

மறுநாள் காலை அறிக்கை எழுதினேன். “தொழிலாளரின் கோரிக்கை நியாயமானது. ஆயினும் வன்முறையை வன்மையாகக் கண்டிக்கிறோம். தூண்டிவிட்டவர்கள் மீது சட்டம் தன் கடமையைச் செய்ய வேண்டும்.”

ஏன் அப்படி எழுதினேன் என்பதைக் குழுவில் பலமுறை பேசியிருக்கிறோம். தோட்டத்தின் பெரிய சங்கம், இது எங்கள் போராட்டம் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது. பெண்களின் தலைவி ஆள்பலம் குறைந்த சிறிய சங்கத்தைச் சேர்ந்தவர். நாட்டில் காற்றும் மாறியிருந்தது. ஜூலை 22 விடியற்காலையில் காலிமுகத்திடலை இராணுவம் துடைத்திருந்தது. ஆகஸ்ட் 18 அன்று கைதான மாணவர் தலைவர்களைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைத்திருந்தார்கள். தோட்டத்துத் தமிழர் கல்லெறிந்தார்கள் என்று ஒரு செய்தி போனால் அது எங்கே போய் முடியுமோ என்ற பயம் எங்களுக்கு இருந்தது. பண்டாரவளைக்கு அருகிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம் 2000 ஒக்டோபரில் கும்பலால் தாக்கப்பட்டு 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டதும், அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களை 2005இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததும் இந்தப் பக்கத்து மக்கள் மறக்கக்கூடியவை இல்லை.

பயம் உண்மையானது. ஆனால் மாணவர் தலைவர்கள் கைதானதைக் கண்டித்துச் செப்டெம்பர் முதல் வாரத்தில் ஒரு கூட்டறிக்கையில் நாங்கள் கையொப்பமிட்டிருந்தோம். அவர்கள் கூட்டங்களில் என்ன பேசினார்கள் என்று நாங்கள் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. லயத்துப் பெண்கள் என்று வந்ததும் விசாரணைக்கு முன்பே கண்டனம் எழுதினோம். நகரத்திலிருந்து அந்த லயம் ஏழு கிலோமீற்றர். அறிக்கை எழுதும் முன் நான் அங்கே போகவில்லை.

மூன்றாவது மறிப்பு: செப்டெம்பர் 15

தங்களுக்குப் பாதுகாப்பில்லை என்று தோட்ட உத்தியோகத்தர்கள் பணிப்புறக்கணிப்புச் செய்தார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். அதே ஸ்டோர் வாசல். கேற்றைச் சங்கிலியால் பூட்டினார்கள். கொழுந்து லொறி அன்று முழுக்க உள்ளே வரவில்லை. பறித்த கொழுந்து மடுவத்திலேயே கருகியது. அவர்களில் தமிழரும் சிங்களவரும் இருந்தார்கள்.

ஒலிபெருக்கியில் பேசிய ஒருவர், இந்தக் காட்டுமிராண்டிகளை லயத்தோடு கிளப்பி இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். பொலிஸார் வந்தது அவர்களுக்குப் பாதுகாப்பாக. சட்டவிரோதக் கூட்டம் என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் அறிக்கை எதுவும் வெளியிடவில்லை.

நீதிமன்றத்தில் எங்கள் தாள்

செப்டெம்பர் 13 அன்று ஒன்பது பேரையும் நீதவான் 14 நாள் விளக்கமறியலில் வைத்தார். அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டும் என்று பொலிஸார் கேட்டதே காரணம். அந்த வாரக் கடைசியில் சட்டத்தரணி பிணைக்காக மனுப் போட்டார். பொலிஸார் அதை எதிர்த்துக் கொடுத்த ஆவணங்களில் ஒரு பக்கம் எங்கள் அறிக்கை. சிங்களத்தில் மொழிபெயர்த்து இணைத்திருந்தார்கள். இந்தப் பிரதேசத்தின் தமிழ் அமைப்பே வன்முறை நடந்ததை ஏற்றுக்கொள்கிறது, தூண்டியவர்கள் மீது நடவடிக்கை கேட்கிறது என்பது அவர்கள் வாதம். சட்டத்தரணி அந்தத் தாளை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பிணை கிடைக்கவில்லை.

அடுத்த நாள் பெண்களைப் பார்க்கப் போனேன். தலைவி தன் வலக்கையை நீட்டிக் காட்டினார். இருபத்தேழு வருடம் கொழுந்து பறித்த கை. பெருவிரலும் சுட்டுவிரலும் கறையேறி, நுனியில் வெடித்திருந்தன. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. ஆறு பெண்களில் ஐந்து பேருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. கைநாட்டு வைக்கச் சொன்னபோது இவருடைய ரேகை பதியவில்லை. தேய்ந்து போயிருந்தது. மூன்று தரம் அழுத்தச் சொன்னார்களாம். “எதுக்கு அழுத்துறோமுன்னு தெரியாமலே மூணு தரம் அழுத்தினேன் டீச்சர்” என்றார்.

இளைஞனை அதற்கு அடுத்த நாள் பார்த்தேன். ஏன் அப்படிப் பேசினாய் என்று கேட்டேன். வகுப்பில் கேட்கிற குரலில்தான் கேட்டிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “மே மாசம் சந்தியில அந்த முதலாளி சொன்னாரு. நீங்க கைதட்டினீங்க தானே டீச்சர்.”

பெயரை மறைத்து வாசித்தது

அதற்குப் பிறகுதான் மே 6 கோப்பை எடுத்தேன். குழுவின் ஏழு பேரில் என்னைத் தவிர்த்த ஆறு பேரையும் கூப்பிட்டேன். மூன்று நிகழ்வுகளையும் மூன்று தாளில், யார், எங்கே, எப்போது என்பதில்லாமல் எழுதியிருந்தேன். எத்தனை மணி நேரம் மறிப்பு, என்ன சேதம், யாருக்குக் காயம், என்ன பேசப்பட்டது, பேசிய பிறகு என்ன நடந்தது. இழுத்துப் போடச் சொன்ன இலக்கை “அதிகாரத்தில் உள்ளவர்” என்று மட்டும் குறிப்பிட்டேன். இந்தியாவுக்கு என்பதை “வேறு நாட்டுக்கு” என்று மாற்றினேன்.

பேச்சை எடைபோட ரபாத் செயற்திட்டத்தின் ஆறு கேள்விகளை வைத்துக்கொண்டோம். ஐக்கிய நாடுகளின் ஏற்பாட்டில் நிபுணர்கள் 2012இல் மொரோக்கோவின் ரபாத் நகரில் முடித்த ஆவணம் அது: பேச்சு நடந்த சூழல் என்ன, பேசியவருக்கு என்ன செல்வாக்கு, நோக்கம் என்ன, உள்ளடக்கமும் வடிவமும் எப்படி, எத்தனை பேரைச் சென்றடைந்தது, உடனடியாகத் தீங்கு நேரும் சாத்தியம் எவ்வளவு. இனப் பகைமைப் பேச்சுக்காக உருவான அளவுகோல்தான். மற்றப் பேச்சுகளை அளக்கவும் எங்களுக்கு வேறு நல்ல கருவி கிடைக்கவில்லை.

இரண்டாவது தாளை வாசித்தபோது குழுவின் மூத்த தொழிற்சங்கவாதி கையை உயர்த்தினார். “இது நம்ம ஆளுக செஞ்சதா, மத்தவங்க செஞ்சதா? அத மொதல்ல சொல்லுங்க.”

“அதைக் கடைசியில சொல்றேன் ஐயா. நீங்க புள்ளி போடுங்க” என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. டெவன் தோட்டக் காணி பறிபோவதைத் தடுக்கப் போய் 1977 மே மாதம் சிவனு லெட்சுமணன் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது இவருக்கு இருபது வயது. கல்லெறிந்தவன் யார், துப்பாக்கி வைத்திருந்தவன் யார் என்று கேட்காமல் எந்த மறிப்பையும் எடைபோட முடியாது என்பது அவர் வாதம். பலமுள்ளவனையும் இல்லாதவனையும் ஒரே தட்டில் வைப்பதே அநியாயம் என்றார். அரைமணி நேரம் இதில்தான் போனது. நல்ல வாதம் என்பதால் எல்லோரும் பேசினோம். பேசியவரின் செல்வாக்கும் சூழலும் அந்த ஆறு கேள்விகளிலேயே இருக்கின்றன. அவற்றைக் கேட்க வேண்டும், ஆனால் மூன்று தாளுக்கும் கேட்க வேண்டும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். புள்ளி போட்டார்.

ஆறு பேரில் ஐந்து பேர் ஆபத்தான பேச்சு என்று மேலே வைத்தது முதல் தாளை. பெரிய கூட்டம், கொதிப்பான நேரம், பேசியவருக்கு ஊரில் செல்வாக்கு, பேசிய கொஞ்ச நேரத்தில் கல்லெறி. சட்டத்தின் வார்த்தைகளுக்கு மிக அருகில் வருவது மூன்றாவது என்று ஆறு பேருமே சொன்னார்கள். ஒரு மக்கள் கூட்டத்தை இனம் பார்த்து விரட்டச் சொன்னது அதில் மட்டும்தான். இரண்டாவது தாளின் வாக்கியம் தவறு, ஆனால் சொன்னவனுக்குக் கூட்டத்தில் செல்வாக்கு இல்லை, கூட்டமே அவனை அடக்கியது என்றார்கள். அதே நேரம் மூன்றில் ஒரு மனிதனுக்கு இரத்தம் வந்தது இரண்டாவதில் மட்டும்தான் என்பதையும் குறித்துக்கொண்டார்கள். அதை மறைக்க வேண்டாம் என்று சொன்னவர் அந்த மூத்தவர்தான். “அவருக்கும் மண்ணெண்ணெய் 340தான்” என்றார்.

பிறகு எது எது என்று சொன்னேன். என் இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்து வாசித்தேன். வாசித்து முடித்ததும் ஒருவர் எழுந்து போய் யன்னலைத் திறந்தார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முழுக் காணொளியையும் நீதிமன்றத்துக்குக் கொடுப்பது என்பது முதல் முடிவு. இளைஞனின் தாய் வேண்டாம் என்று அழுதார். அந்த வாக்கியமே அவனுக்குத் தூக்குக்கயிறு என்று நினைத்தார். ஆனால் 11 வினாடிக்கு வெட்டப்பட்ட துண்டு ஏற்கெனவே ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டப்பட்ட இடம் சரியாக அந்த வயதான பெண் அவனை அதட்டுவதற்கு முன்னால். முழுதும் வெளியே வந்தால்தான் அடுத்த ஒன்பது நிமிடம் தெரியும் என்று சட்டத்தரணி விளக்கியபின் தாய் சம்மதித்தார்.

எங்கள் அறிக்கையைத் திருத்தி, இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த அளவுகோலும் இல்லாமல் எழுதினோம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது இரண்டாவது. இதற்கு ஒருவர் உடன்படவில்லை. குழுவின் நம்பகத்தன்மை போய்விடும் என்றார். அவருடைய மாற்றுக் கருத்தைக் குறிப்பில் பதிந்தோம்.

மூன்றாவது, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போய் அதைச் செய்யப் பணமும் ஆளும் இல்லை. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. இதைத் தோட்டங்களில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இரவில் பெண்களைக் கைது செய்ததையும் புரியாத மொழியில் வாக்குமூலம் பெற்றதையும் முறையிட்டோம். கல்லே விழவில்லை என்று ஒரு வரி சேர்க்கும்படி சிலர் கேட்டார்கள். சேர்க்கவில்லை.

அதிக நேரம் பேசியது நான்காவதைத்தான். வர்த்தகர் மீதும் உத்தியோகத்தர் கூட்டத்தில் பேசியவர் மீதும் அதே 3ஆம் பிரிவில் முறைப்பாடு செய்யலாமா? சட்டம் எல்லோருக்கும் பொது என்றால் செய்யத்தான் வேண்டும் என்று இரண்டு பேர் உறுதியாக நின்றார்கள். ஆனால் அந்தப் பிரிவு எப்படிப் பாவிக்கப்பட்டது என்பதையும் பார்த்தோம். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்த காலத்திலேயே அந்தச் சட்டம் இருந்தது. அடுத்த வருடம் ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமாரவை மாதக்கணக்கில் உள்ளே வைக்கவும் அதே சட்டம் உதவியது. எங்கள் மலைகளில் தூண்டிவிடுதல் என்ற குற்றச்சாட்டுக்கு இன்னும் பழைய கதை உண்டு. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் தோட்டத் தொழிலாளருக்காகப் பேசிய பிரேஸ்கேர்டல் என்ற வெள்ளைக்கார இளைஞரை நாடுகடத்த ஆளுநர் உத்தரவிட்டார். பேசியதற்காக ஒருவரை அப்படி வெளியேற்ற முடியாது என்று மே மாதம் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மூன்று வருடத்தில், முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். இப்படி ஒரு வரலாற்றை வைத்துக்கொண்டு, அவர்களையும் பிடித்து உள்ளே போடு என்று கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. கடுமையில் சமத்துவம் கேட்பதா, நிதானத்தில் கேட்பதா என்று வாக்கெடுத்தோம். ஐந்துக்கு இரண்டு. உத்தியோகத்தர் கூட்டத்தில் பேசியவருக்கும் அவர்கள் சங்கத்துக்கும் கடிதம் எழுதினோம். வர்த்தகரை நேரில் போய்ப் பார்த்தோம்.

கடைசியாக, காயப்பட்ட வெளிக்கள உத்தியோகத்தரின் வீட்டுக்கு மூத்தவரும் தலைவியின் கணவரும் போனார்கள். தட்டில் பழம், வெற்றிலையோடு. மூன்றாவது முறை போனபோதுதான் அவர் உட்காரச் சொன்னார்.

பின்னர் நடந்தது

அணிவகுப்பில் நான்கு பேரை யாரும் அடையாளம் காட்டவில்லை. செப்டெம்பர் 27 அன்று எட்டுப் பேருக்குப் பிணை கிடைத்தது. இளைஞன் மட்டும் உள்ளே இருந்தான். முழுக் காணொளியைப் பார்த்தபின் பொலிஸார் 3ஆம் பிரிவை அறிக்கையிலிருந்து நீக்கினார்கள். ஒக்டோபர் 11 அன்று அவனும் வெளியே வந்தான். நீதவான் அந்த 14 நிமிடத்தையும் திறந்த நீதிமன்றத்தில் முழுதாகப் பார்த்தார் என்பதை நன்றியோடு குறித்துக்கொள்கிறேன்.

காயம், சேதம் பற்றிய வழக்கு 2023 நவம்பரில் இணக்கமாக முடிந்தது. விளக்குக்கும் மருந்துச் செலவுக்கும் லயத்தில் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள்.

தோட்டம் ஒன்பது பேரையும் இடைநிறுத்தியிருந்தது. தொழில் திணைக்களத்தில் பேசி ஆறு பேர் 2023 ஜனவரியில் வேலைக்குத் திரும்பினார்கள். தலைவி உட்பட மூன்று பேர் திரும்பவில்லை. தலைவி ஆறு மாதக் கெடுவுக்குள் தொழில் நியாயசபைக்குப் போனார். கடைசியில் பணமாக முடிந்தது. மலைக்குத் திரும்பிப் போவதைத்தான் அவர் விரும்பினார். மூன்றாம் டிவிஷனில் 20 கிலோ 18 ஆகக் குறைந்தது. நிறுத்த கிலோவை அங்கேயே அட்டையில் எழுதிக் கொடுக்கிறார்கள். சாக்குக்கு வெட்டுவது நிற்கவில்லை.

ஆணைக்குழு இரு தரப்பையும் ஒருமுறை அழைத்தது. வாக்குமூலம் பெறும்போது தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருப்பார் என்று பொலிஸ் நிலையம் ஒத்துக்கொண்டது. அதன்பிறகு இரண்டு தடவை ஆட்களோடு போனேன். ஒரு தடவை அப்படி ஒருவர் இருந்தார்.

வர்த்தகர் தன் பேச்சைச் சூட்டில் சொன்னது என்றார். இளைஞனுக்கு வழக்குச் செலவுக்கு உதவியும் செய்தார். உத்தியோகத்தர் சங்கத்திலிருந்து பதில் வரவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

ஒரு மறிப்பு நடந்தால் 24 மணி நேரத்துக்கு அறிக்கை எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்குள் குறைந்தது இருவர் இடத்துக்குப் போய் இரு பக்கமும் கேட்க வேண்டும். நாங்கள் ஆதரிக்கும் போராட்டத்துக்கும் அதே தாள், அதே ஆறு கேள்விகள். முன்பு எழுதிய அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் புதியதை எழுத வேண்டும். கண்டிக்கிறோம், சட்டம் கடமையைச் செய்யட்டும் என்பவை எளிதாகக் கைக்கு வரும் வாக்கியங்கள். அவை யாருடைய கோப்பில் போய்ச் சேரும் என்று யோசிக்காமல் இனி அவற்றை எழுத மாட்டேன். கூட்டங்களில் மேடையேறுபவர்களிடம் ஆட்களை இழு, அடி, எரி என்ற சொற்கள் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்கிறோம். கேட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் அதைத் திரும்பச் சொல்கிறார்கள். அப்போது மாட்டிக்கொள்வது லொறியில் ஏறிப் பேசியவர் இல்லை.

ஒன்றில் நாங்கள் பிந்திவிட்டோம். திருத்திய அறிக்கையை ஒக்டோபரில் பத்திரிகைகளுக்கு அனுப்பினோம். லயத்தில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே நான்கு மாதம் ஆனது. 2023 பெப்ரவரியில் ஒரு காலையில் பிரட்டுக்களத்துக்கு வெளியே, வேலைக்குப் போகும் முன் வாசித்தேன். பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே கேட்டார்கள். தலைவியும் வந்திருந்தார். வாசித்து முடித்ததும் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இதச் சிங்களத்துலயும் எழுதிக் குடுங்க டீச்சர். மொதல்ல குடுத்தது ஸ்டேஷன்ல சிங்களத்துல தானே இருக்கு.”

அடுத்த வாரம் மொழிபெயர்த்து, பொலிஸ் நிலையத்துக்கு ஒன்றும் சட்டத்தரணி ஊடாக வழக்குக் கோப்புக்கு ஒன்றும் கொடுத்தோம். பெற்றுக்கொண்ட திகதியும் முத்திரையும் வைத்த பிரதி தலைவியிடம் இருக்கிறது.